தூரம் சொன்னாப் போதுமா? அளந்த கதையை யார் சொல்றது?

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. நடுவுல கணக்கும் வரும், ஆனா பத்தாங்கிளாஸைத் தாண்டாது. ஆபீஸ்ல ஆணி அதிகமா இருக்கிறவங்க ராத்திரி வந்து நிதானமா படிங்க. திட்டுறதா இருந்தா முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க.

போன வாரம் ரெண்டு விஷயம் கண்ணுல பட்டுச்சு. ஒண்ணு, சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப்ல வந்த ஃபார்வேர்டு. "தொலைநோக்கியே இல்லாத காலத்துல நம்ம முன்னோர்கள் ஒவ்வொரு நட்சத்திரத்தோட தூரத்தையும் துல்லியமா சொல்லிட்டாங்க, வெள்ளைக்காரன் அதைத் திருடிட்டான்"னு ஆரம்பிச்சு, "உண்மைத் தமிழனா இருந்தா பத்து பேருக்கு அனுப்பு"ன்னு முடிஞ்சது. வழக்கம்போல பெரியப்பா கையெடுத்துக் கும்பிட்டு ஒரு பொம்மை போட்டிருந்தார்.

ரெண்டாவது, நம்ம சக பதிவர் ஒருத்தரோட அறிவியல் பதிவு. "திருவாதிரை நட்சத்திரம் நம்மகிட்ட இருந்து 642 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. நீங்கள் பார்க்கும் ஒளி 642 வருடங்களுக்கு முன் கிளம்பியது. அப்பப்பா, பிரபஞ்சம்தான் எவ்வளவு பெரியது!" கீழ நாப்பது பின்னூட்டம். எல்லாரும் "அருமை", "வியப்பு", "தொடருங்கள்".

முதலாவதைப் பார்த்துச் சிரிக்கிறவங்க ரெண்டாவதைப் பார்த்துக் கை தட்டுறாங்க. என் கேள்வி ரொம்ப சின்னது. இந்த ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ரெண்டுலயும் ஒரு நம்பர் இருக்கு. ரெண்டுலயும் அந்த நம்பர் எப்படி வந்துச்சுன்னு ஒரு வரி கிடையாது. எந்த அளவுக்கு நம்பலாம்னு ஒரு வார்த்தை கிடையாது. ஒருத்தர் சித்தர் பேரைச் சொல்லி நம்பச் சொல்றார், இன்னொருத்தர் சயின்ஸ் பேரைச் சொல்லி நம்பச் சொல்றார். கேக்குறவனுக்கு ரெண்டுமே அருள்வாக்குதான். நாளைக்கு ரெண்டும் மோதினா எதை நம்பணும்னு முடிவு பண்ண அவன்கிட்ட என்ன கருவி இருக்கு? ஒண்ணும் இல்லை. எந்தப் பக்கம் ஃபாலோயர் அதிகமோ அந்தப் பக்கம் போவான்.

பொட்டி தட்டுற தொழில்ல இருக்கிறவங்களுக்கு இது புரியும். "சர்வர் ஸ்லோவா இருக்கு"ன்னு ஒருத்தன் டிக்கெட் போட்டா முதல்ல என்ன கேப்போம்? எத்தனை செகண்டு, எங்க அளந்த, எப்ப அளந்த, திரும்ப அளந்தா அதே வருதா? லாக் இல்லாத டிக்கெட்டை அப்படியே மூடுவோம். ஆபீஸ்ல அவ்வளவு கறாரா இருக்கிற நாம, பதிவு எழுத உக்காந்ததும் லாக் இல்லாத டிக்கெட்டா போட்டுத் தள்றோம்.

சரி, நட்சத்திரத்துக்கு டேப்பு பிடிக்க முடியாது. அப்புறம் எப்படித்தான் அளக்கிறாங்க?

பஸ் ஜன்னல்ல இருக்கிற பாடம்

எங்க ஊர் திருமங்கலம். இங்க இருந்து மதுரை பெரியார் நிலையத்துக்கு பஸ் ஏறி, வலது பக்க ஜன்னல்ல உக்காருங்க. பக்கத்துல இருக்கிற கரண்டு கம்பம் சர்ருனு பின்னாடி ஓடும். தள்ளி இருக்கிற பனைமரம் மெதுவா நகரும். பரங்குன்றம் மலை அசையவே அசையாது, ரொம்ப நேரத்துக்குக் கூடவே வரும். (அந்த மலையை வச்சு நடக்கிற வேற சண்டைக்கெல்லாம் இந்தப் பதிவுல இடமில்லை. பின்னூட்டத்துல ஆரம்பிக்காதீங்க, புண்ணியமா போகும்.)

நாம நகர்ந்தா பக்கத்துல இருக்கிறது அதிகமா இடம் மாறித் தெரியும், தூரத்துல இருக்கிறது கம்மியா மாறும். இதுதான் பேரலாக்ஸ். நம்ம பதினோராங்கிளாஸ் இயற்பியல் புத்தகத்துல முதல் பாடத்துலயே "இடமாறு தோற்ற முறை"ன்னு இருக்கு. நாம எவ்வளவு தூரம் நகர்ந்தோம்னு தெரிஞ்சு, அது எத்தனை டிகிரி மாறுச்சுன்னும் தெரிஞ்சா, அது எவ்வளவு தூரத்துல இருக்குன்னு கண்டுபிடிச்சிடலாம். மலைக்குப் போகவே வேண்டியதில்லை.

இதைச் சும்மா வாயில சொல்லக் கூடாதுன்னு, எங்க தெருப் பசங்க ஆறு பேரைக் கூட்டிக்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை கண்மாய்க் கரைக்குப் போனேன். எல்லாம் ஒன்பது, பத்து படிக்கிற பயலுக. அட்டையில பெருசா ஒட்டின கோணமானி, குறி பாக்க ஜூஸ் உறிஞ்சுற குழாய், 50 மீட்டர் நைலான் கயிறு. அவ்வளவுதான் சாமான். கரையில கயிறைப் பத்து தடவை போட்டு 500 மீட்டர் அளந்தோம். ஒரு முனையில மலை உச்சி கரைக்குச் சரியா செங்குத்தா, 90 டிகிரியில தெரியுற மாதிரி இடம் பிடிச்சோம். மறு முனைக்குப் போய் மூணு அணியா பிரிஞ்சு அளந்தாங்க. ஒரு அணிக்கு 87 டிகிரி, இன்னொண்ணுக்கு 87 கால், மூணாவதுக்கு 87 அரை.

அதாவது மலை மாறித் தெரிஞ்சது 3 டிகிரி, 2.75 டிகிரி, 2.5 டிகிரி. 500 மீட்டரை அந்தக் கோணத்தோட டேன் மதிப்பால வகுத்தா தூரம் வந்துடும். முதல் அணிக்கு 9.5 கிலோமீட்டர், ரெண்டாவதுக்கு 10.4, மூணாவதுக்கு 11.5. மேப்புல நேர்கோடு போட்டுப் பார்த்தா பத்தரை கிலோமீட்டர் சொச்சம்.

"அண்ணே, அப்ப நாங்க ஃபெயிலா?"ன்னு மூணாவது அணிப் பய கேட்டான். யாரும் ஃபெயில் இல்லடா தம்பி. கால் டிகிரி பிசகினா ஒரு கிலோமீட்டர் மாறுதுன்னு இன்னிக்குக் கண்டுபிடிச்சீங்கல்ல, அதுதான் பாடம். மலை பத்தரை கிலோமீட்டர்னு சொல்றது விஷயம் இல்லை. "பத்தரை, ஒரு கிலோமீட்டர் கூடக் குறைய"ன்னு சொல்லத் தெரிஞ்சதுதான் விஷயம். அந்தக் கூடக் குறைய இல்லாத நம்பர் பாதி நம்பர்.

சைன், காஸ், டேன் எல்லாம் மார்க்குக்கு மனப்பாடம் பண்றதுன்னு நினைச்சுக்கிட்டிருந்த பயலுக, வீட்டுக்குப் போற வழியில தண்ணித் தொட்டியை அளக்கலாமா, கோபுரத்தை அளக்கலாமான்னு பேசிக்கிட்டே வந்தாங்க. நான் படிச்ச இன்ஜினியரிங் காலேஜ்ல நாலு வருஷம் கணக்குப் படிச்சேன். "இது எதுக்கு சார்?"னு ஒரு தடவை கேட்டதுக்கு "பதினாறு மார்க்குக்கு"ன்னு பதில் வந்துச்சு. அதுக்கு மேல அதைப் பத்திச் சொல்ல ஒண்ணும் இல்லை.

ரெண்டாயிரம் வருஷம் முடியாத வேலை

நட்சத்திரத்துக்கும் இதே கணக்குதான். கண்மாய்க் கரைக்குப் பதிலா பூமியோட சுற்றுப்பாதை. ஜனவரியில ஒரு தடவை பார்க்கணும், ஜூலையில ஒரு தடவை பார்க்கணும். நடுவுல நாம 30 கோடி கிலோமீட்டர் தள்ளி வந்திருப்போம். பக்கத்து நட்சத்திரம், பின்னாடி இருக்கிற தூர நட்சத்திரங்களை ஒப்பிட்டா கொஞ்சம் இடம் மாறியிருக்கணும். அந்த மாற்றத்துல பாதியைத்தான் அந்த நட்சத்திரத்தோட பேரலாக்ஸ்னு சொல்றது.

அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு? வெறும் கண்ணுக்குத் தெரியுற நட்சத்திரங்கள்ல நமக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிறது ஆல்ஃபா செண்டாரி. அதுக்கே முக்கால் விகலைதான். ஒரு டிகிரியில 3,600 விகலை. என் பசங்க தடுமாறின கால் டிகிரியை விட 1,200 மடங்கு சின்னது. ஒரு ரூபாய்க் காசை ஒருத்தர் கப்பலூர் டோல்கேட்டைத் தாண்டி, அஞ்சாறு கிலோமீட்டர் தள்ளி நின்னு தூக்கிக் காட்டுறார்னு வைங்க. நம்ம ஊர்ல இருந்து அந்தக் காசோட அகலத்தை அளக்கணும். பக்கத்து நட்சத்திரத்துக்கே இந்தக் கதி. மத்ததெல்லாம் இதை விடப் பொடிசு.

அதனாலதான் ரொம்ப காலத்துக்கு யாருக்கும் சிக்கலை. 1543ல கோபர்நிக்கஸ் பூமி சுத்துதுன்னு புத்தகம் போட்டார். டைகோ பிராஹே கேட்டார்: பூமி சுத்துச்சுன்னா நட்சத்திரம் இடம் மாறணுமே, நான் பார்க்கிற வரைக்கும் மாறலையே? அப்ப ஒண்ணு பூமி சுத்தலை, இல்லேன்னா நட்சத்திரங்கள் நம்பவே முடியாத தூரத்துல இருக்கணும். அவர் முதலாவதைப் பிடிச்சுக்கிட்டார். நிஜம் ரெண்டாவது. ஆனா கேள்வி சரியான கேள்வி. 1720கள்ல ஜேம்ஸ் பிராட்லி இதையே தேடிப் போனார். நட்சத்திரம் நகர்ந்துச்சு, ஆனா தப்பான திசையில, தப்பான மாசத்துல. "ஏதோ நகருது, அதுதான் பேரலாக்ஸ்"னு அவர் அறிக்கை விட்டிருக்கலாம். விடலை. உக்காந்து யோசிச்சு, பூமி ஓடுற வேகத்தால வெளிச்சம் சாய்ஞ்சு வர்ற மாதிரி தெரியுதுன்னு கண்டுபிடிச்சார். தேடிப் போனது கிடைக்கலை, பூமி ஓடுதுங்கிறதுக்கு நேரடி சாட்சி கிடைச்சது.

கடைசியா 1830கள்ல மூணு பேருக்கு ஏறக்குறைய ஒரே சமயத்துல சிக்குச்சு. பெஸ்ஸல் கோனிக்ஸ்பெர்க்ல ஒரு வருஷத்துக்கும் மேல 61 சிக்னி நட்சத்திரத்தை அளந்து, 1838ல 0.314 விகலைன்னு சொன்னார். இன்னிக்கு நமக்குத் தெரிஞ்சது 0.286. ஹெண்டர்சன் தென்னாப்பிரிக்காவுல 1832, 33லயே ஆல்ஃபா செண்டாரியை அளந்துட்டார், ஆனா 1839ல தான் வெளியிட்டார். முதல் ஆள்ங்கிற பேர் பெஸ்ஸலுக்குப் போயிடுச்சு. ஸ்ட்ரூவ கதை இன்னும் சுவாரசியம். 1837ல வேகா நட்சத்திரத்துக்கு 0.125 விகலைன்னு சொன்னார். இன்னும் நிறைய அளந்து 1840ல அதை 0.261னு மாத்தினார். இன்னிக்கு அளவு 0.130. முதல்ல சொன்னதுதான் சரிக்குக் கிட்ட! இந்தக் கதையெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? அவங்க எண்ணோட சேர்த்து முறையையும் எழுதி வச்சுட்டுப் போனாங்க. அதனாலதான் இன்னொருத்தர் வந்து உரசிப் பார்க்க முடிஞ்சது.

நம்ம முன்னோர் விஷயத்துக்கு வருவோம்

"அப்ப நம்மாளுங்க ஒண்ணும் பண்ணலையா?"ன்னு சட்டையைப் பிடிக்க வர்றவங்களுக்கு. பண்ணினாங்க. ஃபார்வேர்டு அடிக்கிற உங்களை விட ஒழுங்கா பண்ணினாங்க. சூரிய சித்தாந்தத்துல சூரிய கிரகணக் கணக்குல "லம்பனம்"னு ஒண்ணு வரும். அது பேரலாக்ஸேதான். பூமியில நாம நிக்கிற இடத்தைப் பொறுத்து சந்திரன் கொஞ்சம் இடம் மாறித் தெரியும், அதைக் கழிக்காட்டி கிரகண நேரம் தப்பா வரும்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும்.

அதே சூரிய சித்தாந்தத்துல தூரக் கணக்கும் இருக்கு. பூமியோட விட்டம் 1,600 யோசனை. சந்திரனோட சுற்றுப்பாதை 3,24,000 யோசனை. இதை வகுத்துப் பாருங்க. சந்திரன் பூமியோட ஆரத்தை விட 64 மடங்கு தூரத்துல வரும். நிஜம் 60 மடங்கு. சபாஷ்! ஏன் சரியா வந்துச்சு? ஏன்னா சந்திரனோட லம்பனம் கிட்டத்தட்ட ஒரு டிகிரி. வானத்துல அது விளைவு காட்டும், கிரகணத்துல பிடிபடும்.

அடுத்தது சூரியன். பாதை 43,31,500 யோசனை. வகுத்தா பூமி ஆரத்தை விட 860 மடங்கு சொச்சம். நிஜம் 23,500 மடங்கு. கிட்டத்தட்ட 27 பங்கு கம்மி. ஏன் தப்பிச்சு? சூரியனோட பேரலாக்ஸ் 9 விகலைக்கும் கம்மி, வெறும் கண்ணால அளக்கவே முடியாது. அதனால எல்லாக் கிரகமும் ஒரு நாளைக்கு ஒரே யோசனைதான் ஓடும்னு ஒரு அனுமானம் வச்சுக் கணக்குப் போட்டாங்க. நட்சத்திர மண்டலத்துக்கு வந்தா, சூரியன் பாதையை விட 60 மடங்குன்னு வச்சாங்க. அதை இன்னிக்குக் கிலோமீட்டர்ல போட்டா 33 கோடி சொச்சம் வருது. நிஜத்துல அது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல இருக்கிற இடம்! ஆல்ஃபா செண்டாரியோ சூரியனை விட 2,76,000 மடங்கு தூரம்.

இதுல கேவலம் ஒண்ணும் இல்லை. கிரேக்க டாலமி நட்சத்திரங்களுக்குச் சொன்னது 20,000 பூமி ஆரம்தான், நம்ம ஆளுங்க சொன்னது அதை விடப் பெருசு. அந்தக் கருவியை வச்சுக்கிட்டு யாருக்கும் அதுக்கு மேல முடியாது. ஆனா இந்தக் கணக்கை வரிசையா பாருங்க மக்களே. அளக்க முடிஞ்ச இடத்துல நம்ம முன்னோர் கில்லி. அளக்க முடியாம அனுமானிச்ச இடத்துல, உலகத்துல மத்த எல்லாரும் மாதிரி, தப்பு. அவங்களோட நிஜமான பெருமை சந்திரன் கணக்குல இருக்கு. ஃபார்வேர்டு அனுப்புறவர் அந்தப் பெருமையைத் திறந்து கூடப் பார்க்காம, அவங்க சொல்லாத ஒண்ணை அவங்க வாயில திணிக்கிறார். இதுவா மரியாதை?

1874லயே ஒருத்தர் செஞ்சு காட்டிட்டார்

"இதெல்லாம் பொதுஜனத்துக்குப் புரியாதுங்க. சுவாரசியமா நம்பரைச் சொன்னாப் போதும்"னு அறிவியல் எழுதுற நண்பர் ஒருத்தர் சொன்னார். அவருக்கு ஒரு பேர் சொல்றேன். சிந்தாமணி ரகுநாதாச்சாரி.

நுங்கம்பாக்கத்துல 1792ல கும்பினிக்காரங்க கட்டின மெட்ராஸ் வானாய்வுக்கூடம் இருந்துச்சு. இன்னிக்கும் அங்க வானிலை மையத்து வளாகத்துல அந்தக் காலத்துக் கருங்கல் தூண் நிக்குது, தமிழ்லயும் எழுத்து வெட்டியிருக்கு. அந்தக் கூடத்துல உதவியாளரா இருந்தவர் ரகுநாதாச்சாரி. 1867ல ஆர் ரெட்டிகுலிங்கிற நட்சத்திரம் மங்கி மங்கிப் பிரகாசிக்கிற மாறுவிண்மீன்னு கண்டுபிடிச்சவர். 1871 கிரகணத்தைப் பார்க்க அவிநாசிக்குப் போனவர். 1872ல லண்டன் ராயல் வானியல் கழகத்துல உறுப்பினர் ஆனவர். பஞ்சாங்கக் கணக்கை வானத்தைப் பார்த்துத் திருத்தணும்னு ஊர்ப் பண்டிதர்களோட மல்லுக்கு நின்னவர்.

1874 டிசம்பர் 9ஆம் தேதி வெள்ளிக் கிரகம் சூரியனுக்குக் குறுக்க போச்சு. பூமியில ரெண்டு வெவ்வேறு ஊர்ல இருந்து பார்த்தா, வெள்ளி சூரியன் மேல போற கோடு கொஞ்சம் மேல கீழ மாறித் தெரியும். மறுபடியும் பேரலாக்ஸ். அதை வச்சு சூரியனோட தூரத்தைக் கண்டுபிடிக்கலாம். சூரியனோட தூரம் தெரிஞ்சாத்தான் நம்ம "கண்மாய்க் கரை"யோட நீளம் தெரியும், அது தெரிஞ்சாத்தான் நட்சத்திரத்தோட தூரத்தைக் கிலோமீட்டர்ல சொல்ல முடியும். ரகுநாதாச்சாரி என்ன பண்ணினார்? அந்த நிகழ்வை விளக்கி ஒரு சின்னப் புத்தகம் எழுதி, ஆங்கிலத்துலயும் நம்ம நாட்டு மொழிகள் சிலதுலயும் கொண்டு வந்தார். வானியல் படிச்ச நாலு வெள்ளைக்காரங்களுக்காக இல்லை, நம்ம ஜனங்களுக்காக.

கரண்டு இல்லை, ரேடியோ இல்லை, படிக்கத் தெரிஞ்சவங்களே கொஞ்சம் பேர். அந்தக் காலத்துலயே ஒருத்தர் ஜனங்களுக்குப் புரியும்னு நம்பி எழுதினார். 2004லயும் 2012லயும் அதே வெள்ளி மறுபடி குறுக்க போச்சு. கண்ணாடி போட்டுப் பார்த்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு அது ஒரு தூரம் அளக்கிற வழின்னு யாராவது சொன்னாங்க? இனி 2117ல தான் வரும்.

தமிழ்ல வார்த்தை இல்லைன்னு சொல்றவங்களுக்கும் ஒண்ணு. டிகிரி, நிமிஷம், செகண்டுன்னு கோணத்தைப் பிரிக்கிறோமே, அதைப் பாகை, கலை, விகலைன்னு பஞ்சாங்கக் கணக்குல பல தலைமுறையா சொல்லிக்கிட்டுத்தான் இருக்காங்க. வார்த்தை இருக்கு. எழுதுறதுக்குத்தான் ஆள் இல்லை.

அதே மெட்ராஸ்ல இன்னொரு கதை. 1855ல அங்க இயக்குநரா இருந்த ஜேக்கப், 70 ஓஃபியூக்கிங்கிற இரட்டை நட்சத்திரத்தோட ஓட்டத்துல ஒரு பிசகு இருக்கு, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் சுத்துறதால இருக்கலாம்னு எழுதினார். வேற சூரியனுக்கு ஒரு கோள்! கேக்கவே ஜிவ்வுன்னு இருக்குல்ல? பின்னாடி கணக்குப் போட்டவங்க அப்படி ஒரு கோள் அந்தப் பாதையில நிக்கவே முடியாதுன்னு காட்டிட்டாங்க. தப்புதான். ஆனா அளவுகளைத் தேதியோட எழுதி வச்ச தப்பு, அதனால திருத்த முடிஞ்ச தப்பு. "முன்னோர் சொன்னார்கள்"ங்கிற நம்பர்ல தப்பைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஏன்னா அங்க அளவே இல்லை.

திருவாதிரை 642 கதை

இப்ப அந்த சக பதிவருக்கு. கோவிச்சுக்காதீங்க தல.

திருவாதிரையோட தூரம் 642 ஒளியாண்டுன்னு எந்தக் கல்வெட்டுலயும் இல்லை. ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் அளந்த கணக்கு 1997ல வந்தப்போ ஏறக்குறைய 430 ஒளியாண்டு. 2008ல ரேடியோ அளவையும் சேர்த்துப் போட்டப்போ 640 சொச்சம். 2020ல இன்னொரு குழு வேற வழியில போய் 550 வாக்குலன்னு சொல்லுது. ஏன் இப்படித் தாவுது? விஞ்ஞானிகளுக்குக் கணக்கு வராதா? இல்லை. அந்த நட்சத்திரம் அவ்வளவு பூதாகரம். அதோட பேரலாக்ஸ் ஆறு, ஏழு மில்லி விகலைதான். ஆனா அதோட வட்டமே 40 மில்லி விகலைக்கு மேல. மேற்பரப்பு வேற கொதிக்கிற சோத்துப் பானை மாதிரி குமுறிக்கிட்டு இருக்கு. இன்னிக்கு இந்தப் பக்கம் பிரகாசம், நாளைக்கு அந்தப் பக்கம். அந்த மினுக்கலுக்கு நடுவுல, வட்டத்தை விடச் சின்னதா ஒரு அசைவைப் பிடிக்கணும்.

இப்ப சொல்லுங்க, "642, அப்பப்பா"ங்கிறது சுவாரசியமா, இது சுவாரசியமா? மார்கழித் திருவாதிரைக்குக் களி கிண்டுற ஊர் நம்ம ஊர். அந்த நட்சத்திரத்தோட தூரம் இன்னும் சண்டையில இருக்குங்கிற விஷயத்தை விட்டுட்டு, ஒரு நம்பரை மட்டும் வெட்டி ஒட்டினா அது அறிவியல் பதிவா, ராசிபலனா?

நிஜமா அளக்கிறவங்க எப்படி எழுதுறாங்கன்னு பாருங்க. ஐரோப்பிய விண்வெளி முகமையோட கையா செயற்கைக்கோள் 2013 டிசம்பர்ல கிளம்பி, 2025 ஜனவரி வரைக்கும் வானத்தை அளந்துச்சு. 2022ல வெளியிட்ட பட்டியல்ல ஏறக்குறைய 146 கோடி நட்சத்திரத்துக்குப் பேரலாக்ஸ் இருக்கு. நல்லாத் தெரியுற நட்சத்திரங்களுக்கு அதோட துல்லியம், நிலாவுக்குப் பாதி வழியில வச்ச ஒரு ரூபாய்க் காசை அளக்கிற மாதிரி. இவ்வளவு பண்ணிட்டு அவங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? ஒவ்வொரு அளவுக்குப் பக்கத்துலயும் எவ்வளவு பிசகலாம்னு போட்டிருக்காங்க. எங்க கருவிக்கே மொத்தமா ஒரு சின்னக் கோணல் இருக்கு, கழிச்சுக்கோங்கன்னு தனியா எழுதியிருக்காங்க. அந்தப் பட்டியல்ல கோடிக்கணக்கான நட்சத்திரத்துக்குப் பேரலாக்ஸ் நெகட்டிவா இருக்கு! நெகட்டிவ் தூரம்னு ஒண்ணு கிடையாது, அது அளவுல வந்த இரைச்சல். மறைச்சிருக்கலாம். அழிச்சா மிச்சக் கணக்கு பொய்யாகிடும்னு அப்படியே வச்சிருக்காங்க.

அந்த நேர்மைதான் அறிவியல். நம்பர் அதோட வால்.

அதனால என் சக பதிவர்களுக்கு மூணே மூணு வேண்டுகோள்.

1. வானத்துல எந்தத் தூரத்தை எழுதினாலும், எந்த முறையில அளந்ததுன்னு ஒரு வரி சேருங்க. பேரலாக்ஸா, வெளிச்சத்தை வச்சு ஊகிச்சதான்னாவது சொல்லுங்க.

2. கூடக் குறைய எவ்வளவுன்னு போடுங்க. 640ன்னு ஒருத்தரும் 550ன்னு ஒருத்தரும் சொன்னா ரெண்டையும் போடுங்க. வாசகர் குழம்பிட மாட்டார். காய்கறிக்காரர்கிட்ட நாலு கடை விசாரிச்சு வாங்குறவர்தான் அவர்.

3. ஃபார்வேர்டு வந்தா சிரிக்காதீங்க, திட்டாதீங்க. "எப்படி அளந்தாங்க?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. நான் பெரியப்பாகிட்ட கேட்டேன். ரெண்டு நாள் சத்தமே இல்லை. அப்புறம் போன் பண்ணி, "அந்த லம்பனம்னு சொன்னியே, அது என்னடா?"ன்னார். முக்கால் மணி நேரம் பேசினோம். பத்து வருஷத்துல நாங்க ரெண்டு பேரும் அவ்வளவு நேரம் சண்டை இல்லாம பேசினது அதுதான் முதல் தடவை.

இல்லை, எங்களுக்கு லைக்குதான் முக்கியம்னு சொல்றீங்களா? தாராளமா. அப்புறம் சித்தர் ஃபார்வேர்டு ஜெயிக்கும்போது ஒப்பாரி வைக்காதீங்க. அதுக்கு வாசகரைத் தயார் பண்ணிக் கொடுத்ததே நாமதான்.

பி.கு: மே கடைசி, ஜூன் ஆரம்பத்துல ராத்திரி பத்து மணி வாக்குல எங்க ஊர்ல மொட்டை மாடிக்குப் போய் விருதுநகர் பக்கம், அதாவது நேர் தெற்க பாருங்க. அடிவானத்துக்குக் கொஞ்சம் மேல, ரெண்டு கை முஷ்டி உயரத்துல, பளிச்சுன்னு ரெண்டு நட்சத்திரம் பக்கத்துப் பக்கத்துல இருக்கும். இடது பக்கம் இருக்கிறது ஆல்ஃபா செண்டாரி. வலது பக்கம் பீட்டா செண்டாரி. முதலாவது 4.4 ஒளியாண்டு. ரெண்டாவது 390 வாக்குல, ஒரு இருபது இருபத்தஞ்சு கூடக் குறைய. கண்ணுக்கு ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி ஒண்ணாத்தான் இருக்கும். எது பக்கம், எது தூரம்னு கண் சொல்லாது, பாட்டன் சொல்லலை, கூகுள் சொன்னாலும் ஏன்னு சொல்லாது. முக்கால் விகலைதான் சொல்லும். டெல்லிக்காரங்களுக்கு இது அடிவானத்தோட ஒட்டி ஒளிஞ்சுக்கும், லண்டன்காரனுக்குக் கண்ணுலயே படாது. நமக்கு மாடிப்படி ஏறினாப் போதும். ஏறிப் பாருங்க :)